மேல வால்வு

என் கடிதங்களில் பிழை இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவள். எங்கள் பக்கத்தில் லோயர், ஹையர் பாஸ் செய்து அரசு வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் என் பெஞ்சில் உட்கார்ந்து விரல் நொந்தவர்கள். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிக்கச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் அடித்த ஒரு கடிதத்தால் இரண்டு ஊர்கள் மூன்று நாள் தண்ணீருக்குத் தவித்தன. அந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் பேரூராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பெரிய தலைகள் எல்லாம் மனைவியை நிறுத்திவிட்டுத் தாங்கள் பின்னால் உட்கார்ந்து ஆளலாம் என்று திட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த ஆசை கிடையாது. அவருக்குத் திராட்சைத் தோட்டமும் அதில் விழுகிற சாம்பல் நோயும் போதும். என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தேன். முதல் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர், அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். அண்ணன் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருக்கிறார், வேண்டுமானால் அங்கே போய்ப் பாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு யாரும் அண்ணனைத் தேடவில்லை.

தேனி அப்போதுதான் தனி மாவட்டமாகியிருந்தது. அதுவரை எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடியவர்களுக்குக் கலெக்டர் இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய அதிசயம். ஒரு திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனேன். வராந்தாவில் ஒரே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம், நாலு பேரும் புதிதாக ஜெயித்த பேரூராட்சித் தலைவர்கள். நாலு பேர் கையிலும் மனு. விசாரித்துப் பார்த்தால் நாலும் ஒரே குழாயைப் பற்றியது.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். ஆற்றோரத்தில் ஓர் ஊர். அங்கேதான் கிணறும் மோட்டாரும். அங்கிருந்து கிளம்பும் பெரிய குழாய் ரோட்டோரமாகவே வடக்கே வரும். வழியில் புளியமரத்தடியில் முதல் வால்வு. அதில் பிரிவது சந்தை கூடுகிற ஊருக்கு. இன்னும் கொஞ்சம் வடக்கே வந்தால் ரோட்டின் மேற்குப் பக்கம் இரண்டாவது வால்வு. அதில் பிரிவது கரடு என்ற சிறு குன்றுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கிற ஊருக்கு. கரட்டடி ஊர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தாண்டி மிச்சமிருக்கிற தண்ணீர்தான் எங்கள் ஊருக்கு. நாங்கள் கடைமடை. பந்தியில் கடைசி இலைக்காரனுக்குப் பாயசம் வந்தால் வரும், வராவிட்டால் வாளிச் சத்தம் மட்டும் கேட்கும்.

சந்தை ஊர்த் தலைவர் தேங்காய் மண்டி வைத்திருந்த ஒரு பாய். சிரித்துக்கொண்டே காரியத்தை முடிக்கிற மனிதர். நாலு மனுக்களையும் வாங்கி மடியில் அடுக்கிப் பார்த்தார். மூன்று பேனாவால் எழுதியவை, என்னுடையது மட்டும் டைப் அடித்தது.

"தங்கச்சி, நாலு பேரும் தனித்தனியா நின்னு ஒரே பாட்டப் படிக்கிறதுக்கு ஒண்ணா நின்னு படிச்சா என்ன?" என்றார்.

உடனே எழுந்தேன். வாசலுக்கு எதிரே டைப் அடித்துக் கொடுக்கிற கடையில் ஒரு பெண் மெதுவாக எழுத்தைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து ஒரே மனுவாக அடித்து நாலு கையெழுத்தும் வாங்கினேன். ஓர் ஊர் மனு கொடுத்தால் வாங்கி மேசையில் வைப்பார்கள், நாலு ஊர் சேர்ந்து கொடுத்தால் நாற்காலி போடுவார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கூட்டமைப்பு பிறந்துவிட்டது. யார் செயலாளர் என்ற பேச்சு வந்தபோது பாய் என்னைக் காட்டி, மிஷின் அவுககிட்டதான் இருக்கு என்றார். அவ்வளவுதான் தேர்தல்.

மாதம் ஒரு கூட்டம், ஊர் மாற்றி ஊர். ரோடு ரோலர் ஒன்றை நாலு ஊரும் முறை வைத்து வாங்கிக்கொண்டோம். ஓர் ஊரில் குழாய் உடைந்தால் இன்னோர் ஊரிலிருந்து தண்ணீர் லாரி போகும். சண்டை இல்லாமல் இருந்ததா என்றால் இல்லை. ரோலர் சந்தை ஊரிலேயே தூங்குகிறது என்று நான் கத்துவேன். கரட்டடி ஊர்த் தலைவர் என்னைப் போலவே திராட்சைக் குடும்பம், சாது. ஆற்றோர ஊர்த் தலைவர் நெல் விவசாயி, ஒரு கூட்டத்துக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். ஆனால் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. தண்ணீருக்கும் முறை, சொந்தத்துக்கும் முறை என்று ஒரே சொல்லை வைத்திருக்கிற ஜனங்கள் நாங்கள். முறை தெரிந்தவர்கள் சேர்ந்து வாழ முடியும் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு வாட்டர்மேன் இருந்தார். ஆற்றோர ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா வாய்க்காலில் மடை திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர். மகன் வால்வுக்கு வந்தார். ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவார். எட்டு வருடமாகத் தற்காலிகம். கூட்டமைப்பு வந்தபின் முதல் வேலையாக அவரை நிரந்தரமாக்கச் சொல்லி நாலு ஊரும் பரிந்துரை அனுப்புவது என்று முடிவு செய்திருந்தோம். வருகிற வைகாசிக் கூட்டத்தில் கையெழுத்து. மனைவியும் அவரும் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அதற்கு முந்தின மாதம் சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் திருவிழா. மூன்று நாளும் வெளியூர் ஜனம் வந்து குவியும். அந்த மூன்று நாளும் தங்கள் முறையை எங்களுக்கு விட்டுத் தருகிறோம் என்று கரட்டடி ஊர்த் தலைவர் தானாகவே சொன்னார். அவர்கள் ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்கு நாங்கள் லாரி அனுப்பியிருந்தோம், அதற்குப் பதில். கரட்டடி வால்வு பெரிய வால்வு; அது திறந்திருந்தால் எங்களுக்கு ஊசி மாதிரிதான் வரும். மூடினால் கொட்டும்.

வாட்டர்மேனுக்குக் கடிதம் போக வேண்டும். எங்கள் அலுவலக எழுத்தர் ஒரு நகல் கொண்டுவந்தார். 'மேற்படி பிரதானக் குழாயின் மேற்குப்புற வால்வினை' என்று ஆரம்பித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வால்வைத் திருகுகிறவருக்கா, ஹைகோர்ட்டுக்கா இந்தக் கடிதம் என்று கேட்டு, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு நானே எழுதினேன். 'திருவிழா மூன்று நாளும் மேல வால்வை முழுசாக மூடி வையுங்கள்.' அவ்வளவுதான். ஊரில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, மேலக்காடு என்றால் மேற்கே இருக்கிற காடு. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றைக் கொடுத்தனுப்பி, கார்பன் காப்பியைக் கோப்பில் குத்தி வைத்தேன். ஜனங்கள் பேசுகிற மாதிரி கடிதம் எழுதத் தெரிந்த ஒரே தலைவர் நான்தான் என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே குஷி.

திருவிழா முதல் நாள் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ஆள் அனுப்பி, மேல வால்வை மூடியாச்சா என்று கேட்டேன். மூடியாச்சு என்று பதில் வந்தது. மோட்டாரில் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. பொங்கல் வைக்க வந்த பெண்கள் அடுப்பு மூட்டிவிட்டுப் பானையோடு நின்றார்கள். மறுபடி ஆள் அனுப்பினேன். மேல வால்வை இறுக்கி மூடியிருக்கிறேன், நானே இரண்டு தடவை பார்த்துவிட்டேன் என்று மறுபடி அதே பதில். தோட்டத்துக் கிணறுகளிலிருந்து டிராக்டரில் டிரம் ஏற்றிக் கொண்டுவந்து ஊற்றித் திருவிழாவை ஒப்பேற்றினோம். என் வீட்டுக்காரர் தன் கொடிகளுக்கு வைத்திருந்த தண்ணீரையும் கொடுத்தார். அதற்கு அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் ஊருக்கு மூன்று நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் ஒரு நாள் சந்தை நாள். கரண்ட் பிரச்சினை என்று நினைத்து இரண்டு நாள் பொறுத்துவிட்டு, அன்று அவரே ரோட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் ஊர் வால்வு இறுக்கி மூடியிருக்கிறது. கரட்டடி வால்வு முழுசாகத் திறந்து கிடக்கிறது.

வாட்டர்மேனை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். வந்தார். சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

"மேல வால்வ அடைக்கச் சொன்னீக. அடச்சேன்," என்றார்.

பாய் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இவர் நெஞ்சறிய மேல வால்வை அடைத்தேன் என்கிறார். இத்தனை தைரியமாகப் பொய் சொல்கிற மனிதனை நான் பார்த்ததில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். நான் மேல என்கிறேன், அவரும் மேல என்கிறார். அப்போது எங்கள் எழுத்தர் மெதுவாக என் காதருகே வந்து, இவர் பெண் எடுத்தது கரட்டடி ஊரில் என்றார்.

எனக்கு நாக்கில் சனி. கூடி நின்ற கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சொன்னேன்:

"அதானே பாத்தேன். இது மாமியார் ஊருத் தண்ணியில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாய்கூடச் சிரித்துவிட்டார். வாட்டர்மேன் கடிதத்தை மறுபடி கவரில் போட்டு, கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வைகாசிக் கூட்டத்துக்கு நான் தீர்மானம் தயாரித்தேன். நிரந்தரப் பரிந்துரை இல்லை, வேலையிலிருந்து நீக்குவது. நாலு காப்பி. பாய் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்த ஆள் இருக்கிற வரை தங்கள் ஊர் இந்தக் குழாயை நம்பாது, தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு கூட்டமைப்பிலிருந்து விலகிவிடும் என்று. சந்தை ஊர் விலகினால் கூட்டமைப்பு இல்லை. கூட்டமைப்பு இல்லையென்றால் கடைமடைக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே அவர் போக வேண்டியதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மிஷினுக்கு ரிப்பன் வாங்கக் கம்பத்துக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் பூக்காரம்மா பூவை அளந்துகொண்டே, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள்.

"மேலதான். கம்பம் வரைக்கும்," என்றேன்.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தேன். அடுத்த காலை வைக்க முடியவில்லை. கம்பம் எங்கள் ஊருக்கு மேற்கே இல்லை, தெற்கே. ஆறு வருகிற திசை. நான் பிறந்து வளர்ந்ததிலிருந்து கம்பத்துக்கு மேலதான் போயிருக்கிறேன், தேனிக்குக் கீழதான் போயிருக்கிறேன். தெருவுக்கு ஒரு மேல, பஸ்ஸுக்கு ஒரு மேல. இரண்டையும் ஒரே வாயில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முட்டாமல் நாற்பது வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். மடை பார்த்தவர் மகனுக்குக் குழாயில் மேல என்றால் வேறென்னவாக இருக்க முடியும்? தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுதான் மேல. முதலில் வருகிற வால்வு மேல வால்வு, சந்தை ஊர் வால்வு. அதைத்தான் அவர் அடைத்தார். நான் சொன்னதை, சொன்னபடி.

கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். இறங்கிவிட்டேன். இன்ஸ்டிடியூட்டுக்குத் திரும்பி வந்து கார்பன் காப்பியை எடுத்துப் பார்த்தேன். நல்ல சுத்தமான டைப்பிங். எழுத்தர் எழுதிய 'மேற்குப்புற வால்வினை' என்பதை விட்டுவைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தெரிந்த பிறகும் ஒரு முழு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாருக்கும் தெரியாது. தீர்மானம் தயாராக இருக்கிறது. தப்பு என்னுடையது என்று சொன்னால் பாய் என்ன செய்வார் என்று யோசித்தேன். அன்று இன்ஸ்டிடியூட்டில் ஒரு பெண் 'தண்ணீர்' என்பதற்குத் 'தண்ணிர்' என்று அடித்துவிட்டாள். வழக்கம்போலத் தாளை உருவக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கூட்டம் சந்தை ஊர்ப் பேரூராட்சி மன்றத்தில். நாலு தலைவர்கள், அந்த ஊர்ச் செயல் அலுவலர், வாசல் ஓரத்தில் வாட்டர்மேன். செயல் அலுவலர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பாய் தீர்மானத்தைக் கேட்டார். நான் எழுந்தேன். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குக் கீ போர்டைத் துணியால் மூடிவிட்டு அடிக்கச் சொல்வேன்; கண் பார்க்காமல் இருந்தால்தான் விரலுக்குத் தெரிந்தது வெளியே வரும். அதே குரலில், எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள் என்றேன். என்ன நினைத்தார்களோ, மூடினார்கள். கதவோரம் நிற்கிறவரும் மூட வேண்டும் என்றேன்.

"இப்ப எல்லாரும் கையால காட்டுங்க. மேல எங்கன இருக்கு?"

கைகள் எழுந்தன. கண்ணைத் திறவுங்கள் என்றேன். கரட்டடி ஊர்த் தலைவரின் கை மேற்கே மலையைப் பார்த்து நீண்டிருந்தது. ஆற்றோர ஊர்த் தலைவரின் கை தெற்கே. பாயின் கையும் தெற்கே. வாட்டர்மேன் கையும் தெற்கே. தஞ்சாவூர்க்காரர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கார்பன் காப்பியை மேசையில் வைத்து, நான் மேற்கை நினைத்து எழுதினேன், அவர் ஆற்றை நினைத்து அடைத்தார், அவர் மேல் தப்பு ஒன்றுமில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

பாய் கார்பன் காப்பியை எடுத்துப் படித்துப் பார்த்தார். மூன்று நாள் தன் ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு ஒரே ஒரு சொல்லா காரணம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அந்த வால்வைத்தான் அடைத்திருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார். அப்போது வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற ஆற்றோர ஊர்த் தலைவர் வாயைத் திறந்தார்.

"நாலு ஊரு சேந்தா மட்டும் பத்தாது. நாலு ஊருக்கும் ஒரே மேல வேணும்."

அப்புறம்தான் சிரித்தார்கள். பாய் என் ராஜினாமாவைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மிஷினை வைத்துக்கொண்டு எங்கே போகப்போகிறீர்கள், உட்காருங்கள் என்றார். நீக்கல் தீர்மானத்தின் நாலு காப்பியையும் நானே கிழித்தேன். அங்கேயே உட்கார்ந்து நிரந்தரப் பரிந்துரையை அடித்தேன்; நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேல் கூட்டமைப்புக் கடிதம் எதிலும் மேல, கீழ என்ற சொற்கள் வரக் கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டோம். வால்வுத் தொட்டிகளில் அந்தந்த ஊர்ப் பெயரைப் பெயின்டில் எழுதினோம். தலைவர் பதவி முடிந்து, இன்ஸ்டிடியூட்டில் மிஷினை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டு, இரண்டாயிரத்துப் பத்தில் அந்த வழியாகப் போனபோதும் அந்தப் பெயர்கள் புதுப் பெயின்டில் பளிச்சென்று இருந்தன.

ஆனால் அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாட்டர்மேன் என்னிடம் வந்தார். வேலை கிடைத்தது சந்தோஷம் என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"கரட்டடி ஊரு வால்வ மட்டும் இனி நான் தொட மாட்டேன் தலைவரம்மா. அதுக்கு வேற ஆளப் போட்டுக்கங்க."

காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'மேல' என்ற சொல்லை ஒரு கடிதத்தில் எழுதினேன், அதைத் தீர்மானம் போட்டு விலக்கிவிட்டோம். 'மாமியார் ஊருத் தண்ணி' என்ற சொல்லை வாயால் சொன்னேன்; அது நாலு ஊரிலும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி குழாயடியில் நின்றால், உனக்கென்ன, உங்க அம்மா வீட்டில் அருவியே கொட்டுது என்று கேலி. மாமியார் எங்கள் ஊருக்குத் திராட்சை பறிக்க வந்தால், மருமகன் தண்ணி இனிக்குதா என்று கேலி. மிஷினில் தப்படித்தால் அழிக்க ரப்பர் இருக்கிறது. இதற்கு நான் எந்த ரப்பரைத் தேடுவேன்?

அடுத்த கரட்டடி முறை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே அந்த ஊருக்குப் போனேன். மறுநாள் முறைக்குக் குழாயடியில் பெண்கள் குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வாட்டர்மேனின் மாமியார் இல்லை. விசாரித்துப் போனால், ஊர்க் கிணற்றில் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரைத் தொடுவதில்லையாம். அங்கேயே, கிணற்றடியில் நின்ற எல்லோரும் கேட்கிற மாதிரி, தப்பு என் கடிதத்தில், உங்கள் மருமகன் சொன்னபடிதான் செய்தார், நான் அந்த வார்த்தையைச் சொன்னது மகாபாவம் என்று சொன்னேன். அந்த அம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இங்கன சொல்லி என்னத்துக்கு? அவுக இருக்கிற எடத்துல வந்து சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் காலையில் இருவரும் பஸ்ஸில் போய் அந்த வால்வடியில் இறங்கினோம். அந்த அம்மா இடுப்பில் ஒரு வெறுங்குடம். எதற்கென்று நான் கேட்கவில்லை. வாட்டர்மேன் புளியமரத்தடி வேலையை முடித்துவிட்டு வந்தவர், மாமியாரைப் பார்த்ததும் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ரோட்டில் போனவர்கள், டீக்கடையில் நின்றவர்கள், எல்லோரும் பார்க்க, நேற்றுச் சொன்னதை மறுபடி சொன்னேன். அவர் சாவியைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்தார், வால்வுத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தார், தள்ளி நின்றுகொண்டார்.

சரி, நானே திறக்கிறேன் என்று சாவியை எடுத்து மாட்டினேன். முழு பலத்தையும் போட்டுத் திருகினேன். மயிரிழை நகரவில்லை. டைப் அடித்த கைக்கு அந்த வேலை தெரியாது. மறுபடி திருகினேன். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். வேர்த்து விறுவிறுத்து நின்றேன்.

அந்த அம்மா குடத்தைத் தொட்டி விளிம்பில் வைத்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மாமியார் ஊருத் தண்ணிய மாமியாரே வந்து கேக்குறேன். தொறந்து விடுங்க மாப்ள."

அவர் வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கினார். ஒரே திருகு. கரட்டடி ஊருக்குத் தண்ணீர் போகிற சத்தம் குழாய்க்குள் கேட்டது.